அமெரிக்கன் மாவில் அவிந்த இடியப்பம்: எங்கட அறையின் நூடில்ஸ் வரலாறு

எங்கட அறையில நாங்கள் நாலு பேர். இரண்டு பேர் யாழ்ப்பாணம், ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி ஹற்றன் பக்கத்துத் தோட்டம். சமையலுக்கு இருக்கிறது ஒரு றைஸ் குக்கர், ஒரு மின் அடுப்பு, பிடி உடைஞ்ச ஒரு தாச்சி. மாதத்தின் முதல் கிழமை சோறு, பருப்பு, மீன்கறி என்று போகும். மூன்றாம் கிழமையில இருந்து இரவுச் சாப்பாடு நூடில்ஸ்தான். கடையில சாப்பிடுகிற ஒரு கொத்தின் காசுக்கு நாலு பேரும் வயிறு நிறையச் சாப்பிடலாம் என்பதால அதில எங்களுக்குள்ள பெரிய விவாதம் வந்ததில்லை.

விவாதம் தொலைபேசியில வந்தது. எங்களில் ஒருத்தியின் அம்மம்மா எடுத்திருந்தா.

"என்ன பிள்ளை சாப்பிட்டனீங்கள்?"

"நூடில்ஸ் அம்மம்மா."

"உதென்ன சாப்பாடு? வெளிநாட்டுக்காரன்ர சாமான். நாங்கள் உப்பிடியே திண்டு வளந்தனாங்கள்? இடியப்பம் அவிச்சுச் சாப்பிடுங்கோவன்."

"நீங்கள் அவிக்கிற இடியப்பம் என்ன மாவில அம்மம்மா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரிச்சுக்கொண்டு சொன்னா: "அரிசிமா கொஞ்சம் போடுவன். மிச்சம் அமெரிக்கன் மாதான்."

அமெரிக்கன் மா என்றால் கோதுமை மா. யாழ்ப்பாணத்து வயசான ஆக்கள் இப்பவும் அப்படித்தான் சொல்லுகினம். அரங்கிலும் வகுப்பிலும் "பாரம்பரிய உணவு" என்று நாங்கள் தூக்கிப் பிடிக்கிற இடியப்பத்துக்குள்ள ஒரு வெளிநாட்டின் பெயர் இருக்கு. அது எப்படி வந்தது? எங்கட தாச்சியில கிடக்கிற நூடில்ஸ் எப்படி வந்தது? இரண்டும் ஒரே கப்பலில வந்ததோ? இந்தக் கேள்விகளோட வாசிக்கத் தொடங்கினோம். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பின் சுருக்கம்.

இழுத்த நூலும் பிழிந்த நூலும்

வடமேற்குச் சீனாவில் லாஜியா என்று ஒரு தொல்லியல் இடம். ஏறக்குறைய 4000 ஆண்டுகளுக்கு முன்னர் நிலநடுக்கத்திலும் வெள்ளத்திலும் அழிந்த ஊர். அங்கே கவிழ்ந்து கிடந்த ஒரு மண் கிண்ணத்துக்கு அடியில் மெல்லிய நீளமான நூடில்ஸ் இருந்ததாக 2005இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அது கோதுமையில் செய்தது இல்லை, தினை வகைகளில் செய்தது என்றார்கள்.

பிறகு அதில ஒரு சண்டை வந்தது. தினைமாவை நூல் போல இழுக்கவே முடியாதே என்று வேறு ஆய்வாளர்கள் கேட்டார்கள். கோதுமையில் இருக்கிற புரதம் தண்ணீர் பட்டதும் ரப்பர் போல வலையாகும். அதைத்தான் குளூட்டன் என்கிறோம். தினையிலும் அரிசியிலும் அது இல்லை, இழுத்தால் அறுந்துவிடும். அப்ப அந்த லாஜியாக்காரர் எப்படிச் செய்தார்கள்? சூடாக்கிய மாவைத் துளைகளுக்குள்ளால் பிழிந்திருக்கலாம் என்பது ஒரு பதில்.

இதை வாசிச்சதும் எங்களுக்கு இடியப்ப உரல்தான் ஞாபகம் வந்தது. அரிசிமாவுக்குக் கொதிதண்ணி விட்டுக் குழைச்சு, உரலில வைச்சுப் பிழியிறது ஏன் என்று நாங்கள் யோசிச்சதே இல்லை. இழுபடாத மாவை நூலாக்க அதுதான் வழி. சீனாவிலிருந்து அது இங்கே வந்தது என்றோ, இங்கிருந்து அங்கே போனது என்றோ நாங்கள் சொல்ல வரவில்லை. ஒரே மாதிரியான மா, ஒரே மாதிரியான விடையைத் தருகிறது. அவ்வளவுதான்.

இத்தாலிக் கதையிலும் ஒரு பாடம் இருக்கு. மார்கோ போலோ சீனாவிலிருந்து நூடில்ஸைக் கொண்டுவந்தார், அதுதான் பாஸ்ரா ஆனது என்று பள்ளிக்கூடத்தில நாங்களும் கேட்டிருக்கிறம். அது பிழை. அவர் வெனிஸுக்குத் திரும்பியது 1295இல். ஆனால் 1154இலேயே அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியலாளர், சிசிலித் தீவின் திராபியா என்ற ஊரில் 'இத்ரிய்யா' என்ற உலர்ந்த மா நூல்களைப் பெருமளவில் செய்து, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பலில் அனுப்புகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். மார்கோ போலோ கதையைப் பரப்பியதில் 1929இல் அமெரிக்க மக்ரோனி வியாபாரிகளின் சஞ்சிகை ஒன்றில் வந்த புனைவுக்குப் பெரிய பங்கு உண்டு. தனி ஒரு ஆண் கப்பலில் போய்க் கண்டுபிடிச்சார் என்ற கதையை எல்லாருக்கும் பிடிக்கும். பெயர் தெரியாத ஆயிரம் கைகள் மெல்ல மெல்லச் செய்தன என்பது அவ்வளவு சுவையான கதை இல்லை.

நாப்போலியின் தெருவில்

பாஸ்ரா முதலில் ஏழைகளின் அன்றாடச் சாப்பாடு இல்லை. நாப்போலி நகரத்து மக்களை மற்ற ஊரார் முன்பு 'இலை தின்னிகள்' என்று நக்கலாகக் கூப்பிட்டார்கள், கோவாவும் கீரையும் அதிகம் சாப்பிட்டதால. 17ஆம் நூற்றாண்டில் சனத்தொகை பெருகியது, இறைச்சி கட்டுப்படியாகாமல் போனது. அதே காலத்தில மா பிசையவும் பிழியவும் பொறிகள் வந்து பாஸ்ராவின் விலை இறங்கியது. 'இலை தின்னிகள்' 'மக்ரோனி தின்னிகள்' ஆனார்கள். தெருவோரம் பெரிய பாத்திரத்தில அவிச்சு, துருவிய சீஸ் தூவிக் கொடுப்பார்கள். சனம் கையால எடுத்து, தலையை அண்ணாந்து வாய்க்குள்ள விடும்.

தக்காளிச் சாறு இல்லையோ என்று கேட்பீர்கள். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். பாஸ்ராவுக்குத் தக்காளி சேர்த்த செய்முறை அச்சில் வருவது 1790இல்தான். மிளகாயும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். எங்கட யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்கும் அது வெளியாள். எந்தச் சாப்பாட்டைக் கிண்டினாலும் அடியில ஒரு கப்பல் கிடக்கு.

ஒசாகாவின் வரிசை

இனி உடனடி நூடில்ஸ். இதைக் கண்டுபிடித்தவர் மொமொஃபுகு அண்டோ. 1910இல் தாய்வானில் பிறந்தவர். அந்த நேரம் தாய்வான் ஜப்பானின் குடியேற்ற நாடு. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் தோற்ற பிறகு, குண்டுவீச்சில் சிதைந்த ஒசாகாவில், ஒரு கிண்ணம் ராமெனுக்காகச் சனம் குளிருக்குள்ள நீண்ட வரிசையில நின்றதைக் கண்டதாகவும், அது மனதை விட்டுப் போகவில்லை என்றும் அவர் பின்னாளில் சொன்னார்.

அந்தக் காலத்து ஜப்பானில் அரிசி பற்றாக்குறை. அமெரிக்கக் கோதுமை மா வந்து குவிந்தது. பள்ளிக்கூடங்களில் பாணும் பால்மாவும் கொடுத்தார்கள். 1950களின் பிற்பாதியில், கோதுமையில் எப்படிச் சமைப்பது என்று காட்ட 'சமையலறை வண்டிகள்' ஊர் ஊராகப் போயின. அதற்குப் பின்னாலும் அமெரிக்கக் கோதுமைத் துறையின் காசு இருந்தது. அண்டோ அதிகாரிகளிடம் கேட்டதாகச் சொல்லப்படுகிற கேள்வி இதுதான்: கோதுமையைச் சாப்பிடச் சொல்லுகிறீர்கள் சரி, அதை ஏன் பாணாக மட்டும் சாப்பிட வேணும்? கிழக்காசியாவுக்கு நூடில்ஸ் இருக்கே?

1957இல் அவர் தலைமை தாங்கிய ஒரு கடன் சங்கம் முறிந்து, சொத்தெல்லாம் போனது. இக்கெடா நகரில் வீட்டுக்குப் பின்னால ஒரு கொட்டில் போட்டு, தனியாக நூடில்ஸோடு மல்லுக்கட்டினார். பிரச்சினை, நூடில்ஸை எப்படிக் காயவைப்பது, கொதிதண்ணி விட்டதும் எப்படித் திரும்ப மெதுவாக்குவது என்பது. மனைவி மசாக்கோ தெம்புரா பொரிக்கிறதைப் பார்த்தபோது விடை கிடைச்சது. கொதிக்கிற எண்ணெய்க்குள்ள மா போனதும் உள்ளே இருக்கிற தண்ணி ஆவியாகி வெளியேறும். அது போன இடமெல்லாம் நுண்ணிய துளைகள். பிறகு கொதிதண்ணி விட்டால் அதே துளைகளுக்குள்ளால தண்ணி திரும்ப உள்ளே போகும். எங்கட 'இரண்டு நிமிடம்' முழுக்க அந்தத் துளைகளுக்குள்ளதான் இருக்கு.

1958 ஓகஸ்ட் 25ஆம் திகதி 'சிக்கின் ராமென்' கடைக்கு வந்தது. விலை 35 யென். அந்த நேரம் ஒரு பிடி புது உடோன் ஏறக்குறைய 6 யென்னுக்கு வாங்கலாம். ஆகவே உடனடி நூடில்ஸ் பிறக்கும்போது ஏழைச் சாப்பாடே இல்லை. உற்பத்தி பெருகிய பிறகுதான் மலிந்தது. 1971இல் கோப்பையில் அடைத்த நூடில்ஸ் வந்தது. அடுத்த வருடம் பெப்ரவரியில் ஆயுதக்குழு ஒன்று மலை விடுதியில் பணயக்கைதியை வைத்திருந்த அசாமா சம்பவத்தின்போது, பனிக்குள்ள நின்ற பொலிசார் அந்தக் கோப்பையோடு நிற்பதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இன்று உலகம் ஆண்டுக்கு 10,000 கோடிக்கும் அதிகமான உடனடி நூடில்ஸ் பொதிகளைச் சாப்பிடுகிறது.

மசாக்கோவுக்கு இந்தக் கதையில கிடைக்கிறது ஒரு வரி. அவ பொரிச்சா, அவர் கண்டுபிடிச்சார். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கோ, கீழே திரும்ப வருவம்.

மா யாருடையது?

1954இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. பொதுவாக பி.எல். 480 என்பார்கள். தங்கள் விவசாயிகளிடம் மிதமிஞ்சிக் கிடந்த தானியத்தைச் சலுகை விலைக்கும் உதவியாகவும் மற்ற நாடுகளுக்கு அனுப்புவதுதான் திட்டம். பசித்தவனுக்குச் சாப்பாடு கிடைத்தது உண்மை. அமெரிக்கக் களஞ்சியம் காலியானதும், நாளைக்கு வாங்கப்போகிற ஒரு சந்தை உருவானதும் அதே அளவு உண்மை. தென்கொரியாவில் முதலாவது உடனடி ராமியுன் 1963இல் 10 வொன்னுக்கு வந்தது. அரிசியை மிச்சம் பிடிக்க மாச்சாப்பாட்டைச் சாப்பிடுங்கள் என்று அரசே பிரசாரம் செய்த காலம் அது.

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. ஆனாலும் பாண் இல்லாத ஊர் இல்லை. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் இங்கே வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. பங்கீட்டில் கோதுமை மா சேர்ந்தது. 1953இல் அரிசி மானியத்தை வெட்டி, கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றினார்கள். ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக நேர்ந்தது. அரிசியில கை வைச்சால் கதிரை ஆடும் என்பதை அரசுகள் விளங்கிக்கொண்டன. பி.எல். 480இன் கீழ் மாவும் வந்தது. 1977இல் சிங்கப்பூரின் பிறிமா நிறுவனத்தோடு ஒப்பந்தம், 1980இலிருந்து திருகோணமலை சீனன்குடாவில் மா ஆலை. வெளியிலிருந்து தானியம் வரும், இங்கே அரைபடும், எங்கட பாணும் ரொட்டியும் நூடில்ஸும் ஆகும்.

ஆனால் மா வந்த கதையோடு வரலாறு முடியவில்லை. வந்த மாவை என்ன செய்தார்கள்?

யாழ்ப்பாணத்துக் குசினிகளில் அதை அவித்தார்கள். துணியில கட்டி, நீராவியில அவிச்சு, சூட்டோட கட்டிகளை உடைச்சு அரித்து எடுப்பார்கள். 'அவிச்ச மா'. கோதுமை மாவைப் பச்சையாகக் குழைச்சால் ரப்பராக இழுபடும், உரலுக்குள்ளால போகாது. அவிச்சால் அந்தக் குளூட்டன் புரதம் சூட்டில இறுகி, வலையாகும் குணத்தை இழக்கும். மா அரிசிமா போல நடந்துகொள்ளும். அப்ப பிழியலாம், பிட்டும் கொத்தலாம். எங்கட அம்மம்மாமாருக்குக் குளூட்டன் என்ற சொல் தெரியாது. ஆனால் அமெரிக்காக்காரன் பாணுக்கென்று அனுப்பின மாவிலிருந்து பாணின் குணத்தையே எடுத்துவிட்டு, அதை இடியப்பமாக்கினவர்கள் அவர்கள். அண்டோ கேட்ட கேள்வியைத்தான் அவர்கள் வாயால கேட்காமல் கையால கேட்டிருக்கினம்: கோதுமையை ஏன் பாணாக மட்டும் சாப்பிட வேணும்?

ஒசாகா கொட்டிலுக்கு நினைவு அருங்காட்சியகம் இருக்கு. மா அவித்த பானைக்கு எதுவும் இல்லை.

தோட்டத்து ரொட்டி

இதை நாங்கள் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தபோது எங்கட ஹற்றன்காரி இடையில மறிச்சாள். "உங்களுக்கு மாவை அவிக்க நேரம் இருந்திச்சு. எங்க பாட்டிக்கு விடியக்காலம் மலைக்கு ஏறணும். கோதம்ப மாவுல ரெண்டு ரொட்டி தட்டி, சம்பலோட கட்டிட்டுப் போகத்தான் நேரம்."

அவள் சொன்னதில வரலாறு இருக்கு. தோட்டங்களில் அரிசியையும் மாவையும் நிர்வாகமே கொடுத்து, சம்பளத்தில் கழித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. என்ன சாப்பிடுவது என்பதைச் சம்பளப் புத்தகம் தீர்மானித்தது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, வாக்கும் போன ஒரு சமூகம் அது. 1973, 74இல் நாடு முழுக்க உணவுத் தட்டுப்பாடு வந்து, பங்கீடு வெட்டப்பட்டபோது, பாண் வரிசைகள் நகரங்களில் நீண்டன. தோட்டங்களில் ஆட்கள் செத்தார்கள். 1974இல் தோட்டங்களின் இறப்பு வீதம் உயர்ந்தது புள்ளிவிபரங்களிலேயே இருக்கு. அதே காலத்தில இறக்குமதித் தடையால வடக்கில் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போய், பல விவசாயிகள் கல்வீடு கட்டினார்கள். ஒரே தட்டுப்பாடு, ஒரே மொழி பேசுகிற இரண்டு இடங்களுக்கு இரண்டு விதமாகப் போய்ச் சேர்ந்தது. 'தமிழர் பாரம்பரிய உணவு' என்று ஒரே மூச்சில சொல்ல எங்களுக்கு அதுக்குப் பிறகு வாய் வரவில்லை.

2022 எங்கட தலைமுறைக்கு வந்த பாடம். பெப்ரவரியில் உக்ரேன் போர் தொடங்கி உலகக் கோதுமை விலை ஏறியது. ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4800 ரூபாவைத் தாண்டியது. செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 90 வீதத்துக்கு மேல். உயர்தர வகுப்புப் புத்தகத்தோட காஸ் வரிசையில நின்ற ஆக்கள் நாங்கள். அப்பதான் எங்கட வீடுகளில மரவள்ளிக்கிழங்கும் குரக்கனும் ஒடியல் மாவும் திரும்பக் குசினிக்கு வந்தன. அரிசிமா இடியப்பம் அவிக்கத் தெரிஞ்ச வீடுகள் கொஞ்சம் சமாளித்தன. ஆனால் அதுக்கும் விறகு வேணும், விடிய எழும்ப ஒரு பெண் வேணும்.

அப்ப யார் சமைக்கிறது?

இங்கேதான் மசாக்கோ திரும்ப வருகிறா. "நூடில்ஸை விட்டுப் பாரம்பரியத்துக்குத் திரும்புங்கோ" என்று முகநூலில எழுதுகிற அண்ணைமார் பலர் இடியப்ப உரலைப் பிடிச்சுப் பார்த்ததில்லை. நாலு பேருக்கு இடியப்பம், சொதி, சம்பல் என்றால் விடிய நாலரைக்கு எழும்ப வேணும், உரல் அழுத்தின கை இரவு வரைக்கும் நோகும். அந்தக் கை எங்கட அம்மாமாருடையது. நூடில்ஸ் வந்து அந்த வேலையில ஒரு பகுதியைக் குறைச்சது. ரியூஷன் முடிஞ்சு வருகிற ஒரு பெடியனும் தனக்கும் தங்கச்சிக்கும் செய்யக்கூடிய முதல் சாப்பாடாக அது இருந்தது. இதையும் வரலாற்றில எழுத வேணும்.

அதே நேரம், விளையாத தானியத்தில ஒரு நாட்டின் வயிறு தொங்குவது ஆபத்து என்பதை 1942உம் 1974உம் 2022உம் காட்டிவிட்டன. பொதிக்குள்ள வருகிற சுவைத்தூளில உப்பு அளவுக்கு மிஞ்சி இருக்கு என்பதும் உண்மை. ஆகவே நாங்கள் 'நூடில்ஸ் வாழ்க' என்று முடிக்கப் போவதில்லை. எங்கட கோபம் தாச்சிக்கு முன்னால நிற்கிறவளில இருக்கக்கூடாது. அரிசி, குரக்கன், கிழங்கு விளைவிக்கிறவனுக்கு ஏன் விலை கிடைக்குதில்லை, குரக்கன் மாவும் அரிசிமாவும் ஏன் கோதுமை மாவைவிட விலை கூட, சமையல் வேலை ஏன் ஒருத்தியின் தலையில மட்டும். கோபப்பட இவ்வளவு இருக்கு.

கடைசியாக, எங்கட அறைச் செய்முறை. நாலு பேருக்கு 400 கிராம் சாதாரண நூடில்ஸ், சுவைத்தூள் இல்லாதது. உப்புப் போட்ட கொதிதண்ணியில அவிச்சு, நடுவில கொஞ்சம் கடுமை இருக்கேக்கையே வடிச்சு, பச்சைத்தண்ணி ஊத்துங்கோ, அப்பதான் ஒட்டாது. தாச்சியில தேங்காய் எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, ஆறு பல்லு உள்ளி மெல்லிசாக வெட்டி, நாலு செத்தல் மிளகாய் கிள்ளிப் போட்டு, நெருப்பைக் குறைச்சு உள்ளி பொன்னிறமாகும் வரை விடுங்கோ. கருகினால் கைக்கும். லீக்ஸ், கரட் இருந்தால் போடுங்கோ, இல்லாட்டிப் பரவாயில்லை. நூடில்ஸைக் கொட்டிப் பிரட்டி, தேசிக்காய்ப் புளி விட்டு இறக்குங்கோ. இத்தாலிக்காரர் ஸ்பகெற்றியில இதைத்தான் ஒலிவ் எண்ணெயோட செய்து 'அக்லியோ எ ஓலியோ' என்கிறார்கள். 'உள்ளியும் எண்ணெயும்' என்பதுதான் அதின்ர அர்த்தம். காசு இருக்கிற நாள் ஒரு முட்டை.

அம்மம்மாவிடம் அவிச்ச மா எப்படிச் செய்கிறது என்று கேட்டு, தொலைபேசியில பதிவு செய்து வைத்திருக்கிறம். பதினோரு நிமிடம். எந்த வருஷம் தொடங்கினது, யாரிட்டப் பழகினது என்று கேட்டதுக்கு, "உதையெல்லாம் ஆரும் கேப்பினமே பிள்ளை" என்றா. நீங்களும் வீட்டில கேளுங்கோ. என்ன மா, எப்ப தொடக்கம், அதுக்கு முன்னம் என்ன. கேட்டு எழுதி வையுங்கோ. எங்கட சுவடிகள் காப்பகத்தில இது இருக்காது.